கமராவுக்கு ஒரு முகவரி

ஆசிரியருக்கு,

இணைய முகவரித் தட்டுப்பாடு பற்றிக் கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். இணையத்தில் சேரும் கருவிகளுக்கு எண் முகவரி கொடுக்கும் பழைய ஐபிவி4 முறையில் இருப்பதே சுமார் 430 கோடி முகவரிகள். முகவரிக்குப் பஞ்சமில்லாத அதன் மாற்றான ஐபிவி6 1998இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. அதற்கு மாற இன்னும் ஏன் இழுபறி? இணைய நிறுவனங்களுக்கு ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்குபோட்டுக் கொடுத்துக் காலத்தை ஓட்ட முடிகிறது, அதனால்தான் என்பேன். அந்தப் பங்கீட்டின் தொல்லை கடைசியில் எங்கள் தலையில்தான் விடிகிறது.

திருகோணமலையில் சிறியதொரு போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கடையில் கமரா பூட்டி, உப்புவெளி வீட்டிலிருந்து போனில் பார்க்கலாம் என்று நினைத்தேன். மூன்று நாள் ரூட்டரோடு மல்லுக்கட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. அதில் காட்டிய முகவரி 100.64 என்று தொடங்கியது. நிறுவனங்கள் உள்ளுக்குள் பகிர்ந்துகொள்வதற்கென ஒதுக்கிய முகவரி அது, வெளியிலிருந்து யாரும் அதைத் தேடி வர முடியாது. தனி முகவரி வேண்டுமென்றால் மாதாமாதம் மேலதிகமாகக் கட்ட வேண்டுமாம். (கமராவின் விலையை நினைத்தால் அதுவே பெரிய தொகை.) ஐபிவி6 இருந்திருந்தால் கமராவுக்கே சொந்த முகவரி கிடைத்திருக்கும். புதிய இணைப்பு கொடுக்கும்போதே, நாங்கள் கேட்காமலும் கட்டணமில்லாமலும் ஐபிவி6ஐ இயக்கித் தரும்படி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு எல்லா நிறுவனங்களையும் பணிக்க வேண்டும். அதற்கொரு கடைசித் திகதியும் குறிக்கட்டும்.

கடைக்காரர் ஒருவர்,
திருகோணமலை