தோட்டத்துக்கு இனி உரம் அனுப்ப வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

மூன்று ஆண்டுகளாக உங்களிடம் கேட்டுவந்ததற்கு நேர் எதிரானதை இன்று கேட்கிறேன். காய்கறித் தோல், சாணம், அடுப்புச் சாம்பல் எதையும் தற்போதைக்குப் பள்ளித் தோட்டத்துக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். நீங்கள் அள்ளி அள்ளிக் கொடுத்தீர்கள்; அளவு பார்க்காமல் பாத்தியில் கொட்டியவர்கள் நாங்கள்.

சென்ற பருவத்தில் தக்காளிச் செடிகளின் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. "இன்னும் ரெண்டு கூடை மட்கு உரம் போடுங்க" என்று சொன்னது நான்தான். போட்டும் மாறவில்லை. "இவ்வளவு சாப்பாடு போட்டும் ஏன் சார் வெளிறிப்போச்சு?" என்றாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. என்னிடம் பதில் இல்லை. மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினோம்.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு, மண் காரத்தன்மை பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறிக்கை வந்தது. ஒரே மட்கைப் போட்ட மண்ணில் ஒரு சத்து குவிந்து இன்னொன்று குறைவது எப்படி என்று ஆசிரியர்கள் அறையிலேயே ஒரு வாதம் நடந்தது. செடிக்கு மணிச்சத்தைவிடத் தழைச்சத்து பல மடங்கு வேண்டும். மட்கு உரத்திலோ இரண்டுக்கும் அவ்வளவு வித்தியாசம் இருப்பதில்லை. அதிலுள்ள தழைச்சத்தும் பெரும்பாலும் மட்குக்குள் கட்டுண்டு கிடந்து, ஆண்டுக்குக் கொஞ்சமாகத்தான் வெளிவரும். வந்ததில் ஒரு பங்கை மழைநீர் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறக்கிவிடும். மணிச்சத்து அப்படி எளிதில் ஓடாது, மண்துகளோடு ஒட்டிக்கொள்ளும். தழைச்சத்தை நம்பி மட்கைக் கொட்டக் கொட்ட, எடுக்காத வைப்புத்தொகை போல மணிச்சத்து ஏறிக்கொண்டே போனது. அது மிகுந்தால் இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுத்துக்கொள்வது தடைபடும். போதாக்குறைக்குச் சாம்பல் மண்ணைக் காரமாக்கியது. கார மண்ணில் இரும்பு எளிதில் கரையாது. மண்ணில் இரும்பு இருந்தும் இலைக்குப் போய்ச் சேரவில்லை.

பழைய பாத்திகளில் இந்த ஆண்டு மட்கு கிடையாது. பயறு வகைகளை விதைக்கிறோம். காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் செடிக்குப் பிடித்துக் கொடுக்கும், மணிச்சத்தைக் கூட்டாது. முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பிள்ளைகள் எழுதி வைப்பார்கள். அன்று சீருடையில் மண் ஒட்டித்தான் வரும், கோபிக்காதீர்கள். கிடங்கில் மீதமுள்ள மட்கு, புதிதாகக் கொத்திய பாத்திகளில் விரல் பருமனுக்கு மேல் போகாமல் பரப்பப்படும்.

அறுவடை முடிந்ததும் மறுபடி மண் எடுப்போம். வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்பதால் முறையைச் சொல்லிவிடுகிறேன். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். இப்படிப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அனுப்பினால் போதும். உரக்குழி ஓரம், வரப்பு, மரத்தடி வேண்டாம். வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். முதல் முறை துத்தநாகம் பூசிய வாளியில் கலந்துவிட்டோம்; வாளியின் துத்தநாகமும் கணக்கில் சேர்ந்துவிடும் என்று அறிவியல் ஆசிரியர் சொல்ல, அத்தனையையும் கொட்டிவிட்டு மீண்டும் எடுத்தோம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறை மாறும் என்பதால், சென்ற முறை அனுப்பிய இடத்துக்கே அனுப்பினால்தான் இரண்டு அறிக்கைகளையும் ஒப்பிட முடியும்.

ஒன்று மட்டும் இன்னும் தேவை: காய்ந்த சருகு. அதில் மணிச்சத்து குறைவு. மண்ணோடு கலக்காமல் மேலே மூடாக்காகப் போடுவோம். கலந்தால் அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கிற கொஞ்சத் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: சருகைத் தாள் பையில் அனுப்புங்கள். ஈரச் சருகை பிளாஸ்டிக் பையில் கட்டி யாரோ அனுப்பியது, என் அறை மூலையிலேயே மட்கத் தொடங்கிவிட்டது.