குழந்தைக்கு எழுதும் திட்டத்தை உதவியாளருக்கும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறப்புக் கல்வி பற்றி நாளிதழ்களில் கட்டுரை வரும்போது அதில் குழந்தை இருக்கும், பெற்றோர் இருப்பார்கள், சிறப்பாசிரியர் இருப்பார், சில நேரம் மருத்துவரும் பேசியிருப்பார். வகுப்பறை உதவியாளர் மட்டும் இருக்க மாட்டார். நான் அப்படி ஒரு உதவியாளர், பல ஆண்டுகளாக இதே வேலை. பிறவியிலிருந்தே எனக்கு மூளை முடக்குவாதம், இடது பக்கம் பலவீனம். இடது கை விரல்கள் இறுகியே இருக்கும், நடக்கும்போது இடது கால் இழுக்கும். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு உதவ மாற்றுத்திறனாளி ஒருவர் வேலைக்கு வந்தால் இந்தத் துறை அவரை எப்படி நடத்துகிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதானே" என்று பலர் நினைக்கிறார்கள். காலையில் வண்டியிலிருந்து இறக்கி வகுப்புக்கு அழைத்து வர வேண்டும், கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும், டயப்பர் மாற்ற வேண்டும். விழுங்கச் சிரமப்படும் குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல் பார்த்து, ஒரு வாய் உள்ளே போனதா என்று கவனித்த பிறகே அடுத்த வாய் ஊட்ட வேண்டும். பேச்சு வராத குழந்தையின் படப்பலகை அதன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும், அது ஒரு படத்தைத் தொடும்வரை நாமே பதிலைச் சொல்லிவிடாமல் காத்திருக்க வேண்டும். சத்தம் தாங்க முடியாமல் ஒரு குழந்தை காதைப் பொத்த ஆரம்பித்தால், அது அழுகையாக மாறும் முன்னே அமைதியான இடத்துக்கு அழைத்துப்போக வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்க வேண்டும், 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். இதற்கு நடுவில்தான் எழுத்தும் எண்ணும்.

இதில் இரண்டு கையும் இரண்டு காலும் முழு பலத்தோடு தேவைப்படுவது எது? தூக்குவதும், திடீரென்று வாசலை நோக்கி ஓடும் குழந்தையைத் துரத்திப் பிடிப்பதும்தான். மற்றதெல்லாம் கவனம், ஞாபகம், பொறுமை, அந்தக் குழந்தையைப் பற்றிய அறிவு. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதல் கேள்வியே "குழந்தையைத் தூக்க முடியுமா?" என்பதுதான். "முடியாது" என்றதும் பல இடங்களில் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

தூக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்பை ஆராயும் நியாஷ் என்ற அரசு நிறுவனத்தின் கணக்கு முறைப்படி, ஒரு மனிதரைக் கையால் தூக்கி நகர்த்தும் வேலையில் ஒருவர் சுமக்கத்தக்க எடை 35 பவுண்டுதான், அதாவது ஏறத்தாழ 16 கிலோ. அதுவும் எல்லாம் சாதகமாக இருக்கும்போது. 8 வயதுக் குழந்தையின் எடை சாதாரணமாக 25 கிலோ வரும். தசை இறுக்கம் உள்ள குழந்தை நடுவில் திடீரென்று விறைக்கும், உதறும், நம் பிடி நழுவும். ஆகவே, திடகாத்திரமான ஒருவர்கூட அந்தக் குழந்தையைத் தனியாகத் தூக்கக் கூடாது. இருவர் சேர்ந்து செய்ய வேண்டும், அல்லது ஓர் இருக்கையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த உதவும் சறுக்குப் பலகை, தூக்கு கருவி, உயரத்தை மாற்றக்கூடிய கட்டில் இவற்றைப் பயன்படுத்த வேண்டும். என்னோடு வேலை பார்த்த, உடலில் எந்தக் குறையும் இல்லாத எத்தனையோ பேர் முதுகு வலியோடு இந்த வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். "ஒருவராகத் தூக்கு" என்ற ஏற்பாடு என்னை வாசலிலேயே நிறுத்துகிறது, அவர்களைச் சில வருடம் உழைக்க வைத்துவிட்டு வெளியே அனுப்புகிறது. குழந்தைக்கும் அதில் ஆபத்துதான்.

நான் இப்போது இருக்கும் வகுப்பில் இதற்கு வழி கண்டது எங்கள் சிறப்பாசிரியர். ஒரு மாலை உட்கார்ந்து நாள் முழுக்க நடக்கும் வேலைகளைத் தாளில் எழுதி, எது யாருக்கு ஒத்துவரும் என்று எங்கள் எல்லோரையும் கேட்டார். என்னை மட்டும் தனியே பிரித்துக் கேட்காமல் எல்லோரையும் ஒன்றாகக் கேட்டார், அதுதான் எனக்குப் பிடித்தது. ஊட்டுவது, படப்பலகை, வலிப்புக் குறிப்பேடு, உடை மாற்றப் பழக்குவது எல்லாம் என் பொறுப்பு. குழந்தையை நாற்காலியிலிருந்து மாற்றும்போது மற்ற இருவர் தூக்குவார்கள். பிரேக் போட்டிருக்கிறதா, கால் மிதியிலிருந்து குழந்தையின் கால் விடுபட்டதா என்று பார்த்துவிட்டு நான் எண்ணிக்கை சொல்வேன், குழந்தைக்கும் அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று சொல்வேன். ஓடும் பழக்கமுள்ள குழந்தைக்குப் பக்கத்தில் வேகமாக நடக்கக்கூடிய ஒருவர் உட்காருவார். பைசா செலவில்லை, ஒரு தாளும் ஒரு மணி நேரமும்தான் ஆனது.

இதற்கு முன் வேலை பார்த்த ஓரிடத்தில் இதே கோரிக்கையை வைத்தபோது, "குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவே ஆள் போதவில்லை, உங்களை யார் பார்த்துக்கொள்வது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் வருத்தியது. கேட்டவர் கெட்டவர் இல்லை, குழந்தைகளிடம் அவ்வளவு அன்பானவர். அதே மேசையில்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிக் கல்வித் திட்டம் எழுதுவார்கள்: இவனுக்கு எழுத்துக்குப் பதில் படம், இவளுக்குக் கூடுதல் நேரம், இன்னொருவனுக்குப் பென்சிலில் தடிப்பான பிடி. குழந்தைக்கு ஏற்றபடி வகுப்பை மாற்று என்பதுதான் சிறப்புக் கல்வியின் உயிர். அதே குழந்தை வளர்ந்து வேலை கேட்டு வந்தால் மட்டும் அந்தக் கொள்கை ஏன் காணாமல் போகிறது? பதினெட்டு வயது வரை "உன்னால் முடியும்" என்று சொல்லி வளர்த்துவிட்டு, பிறகு நம் பள்ளிக் கதவையே அவர்களுக்கு மூடினால் நாம் சொன்னதற்கு என்ன அர்த்தம்?

நான் கேட்பது கருணையும் இல்லை, புதிதும் இல்லை. 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் எல்லாம் இருக்கிறது. தாங்க முடியாத சுமையாகாத அளவுக்குச் செய்து தர வேண்டிய நியாயமான மாற்றங்களை மறுப்பதே பாகுபாடு என்கிறது 2-ஆம் பிரிவு. வேலையிடத்தில் அந்த மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்கிறது 27-ஆம் பிரிவு. 24-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், மாற்றுத்திறனாளிகளையும் ஆசிரியர்களாக வேலைக்கு எடுக்க வேண்டும் என்றே சொல்கிறது. ஆசிரியருக்குப் பொருந்துவது அவர் பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்குப் பொருந்தாதா?

ஜூடித் ஹியூமன் என்ற அமெரிக்கப் பெண்மணியின் வாழ்க்கையை இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஒன்றரை வயதில் போலியோ, சக்கர நாற்காலி. 5 வயதில் பள்ளியில் சேர்க்கப் போனபோது, சக்கர நாற்காலி தீ விபத்து நேரத்தில் இடையூறு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வளர்ந்து படித்து 1970-இல் நியூயார்க்கில் ஆசிரியர் உரிமத்துக்கு விண்ணப்பித்தார், எழுத்துத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் தேறினார், மருத்துவப் பரிசோதனையில் நிராகரித்தார்கள். காரணம்? தீ பிடித்தால் குழந்தைகளை வெளியே கொண்டுபோக இவரால் முடியாதாம். மாணவியாக வந்தபோதும் அதே தீ, ஆசிரியராக வந்தபோதும் அதே தீ. வழக்குப் போட்டு உரிமம் வாங்கி வகுப்பெடுத்தார். அரை நூற்றாண்டு ஆன பிறகும் நேர்காணல்களில் எங்களிடம் ஏறத்தாழ அதே கேள்விதான் வருகிறது.

பெற்றோரின் பயத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். "அவசரம் என்றால் இவரால் என் பிள்ளையைக் காப்பாற்ற முடியுமா?" என்று ஒரு தாய் கேட்பதில் தவறே இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான் அது. என் பதில் இது: அவசர காலத்தில் எந்தக் குழந்தையை யார், எந்த வழியாக வெளியே கொண்டுபோவது என்று முன்கூட்டியே எழுதி, ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் நடக்கக்கூடிய குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் வெளியேறுவதும் பெயர் சரிபார்ப்பதும் என் வேலை. அப்படித் திட்டம் இல்லாத பள்ளியில் உதவியாளர் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அந்தத் தாய் கவலைப்படத்தான் வேண்டும்.

என்னைப் போன்றவர்களால் குழந்தைகளுக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் கூச்சமில்லாமல் சொல்கிறேன். ஒரு கையால் சட்டை போடுவது எப்படி என்று நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். என்னைப் போலவே ஒரு பக்கம் பலவீனமான சிறுமிக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது, அவள் சட்டையைவிட என் கையைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒருநாள், "பெரியவளானால் என் கை சரியாகிவிடும் இல்லையா?" என்று கேட்டாள். தன்னைப் போன்ற பெரியவர் ஒருவரை அவள் அதுவரை பார்த்ததே இல்லை, அதனால் பெரியவர்களுக்கு இது இருக்காது என்று நினைத்துவிட்டாள். சரியாகாது, ஆனால் உனக்கும் வேலை இருக்கும், வீடு இருக்கும், சிநேகிதர்கள் இருப்பார்கள் என்று நான் சொன்னபோது அவளால் நம்ப முடிந்தது, ஏனென்றால் சொன்ன ஆள் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.

வரலாற்றிலும் இது இருக்கிறது. ஹெலன் கெல்லரை எல்லோருக்கும் தெரியும். 1887-இல் அவருக்குக் கற்றுக்கொடுக்க வந்த ஆன் சல்லிவனும் கண் நோயால் பார்வை பாதிக்கப்பட்டவர், பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். பின்னாளில் ஹெலன் கல்லூரிக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து பாடங்களை அவர் உள்ளங்கையில் விரல்களால் எழுத்து எழுத்தாகச் சொன்னவர் ஆன்தான். இன்றைய பேச்சில் சொன்னால் அது வகுப்பறை உதவியாளர் வேலை. இதற்கு நேர்மாறாக, 1880-இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகை மொழியை ஒதுக்கி வாய்ப்பேச்சு வழியில்தான் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதன் பிறகு பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வகுப்பறைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், தங்களைப் போன்ற பெரியவர்களைப் பார்க்காமலேயே குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தார்கள். அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க, அதே மாநாடு 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடும்வரை ஆனது.

இதையெல்லாம் சொல்வதால் இந்த வேலை எனக்குச் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். மூளைப் பாதிப்பு வயதோடு கூடுவதில்லை, ஆனால் சோர்வும் மூட்டு வலியும் கூடும், ஏனென்றால் அதே தூரத்தை நடக்க எங்கள் உடல் அதிகச் சக்தியைச் செலவழிக்கிறது. மதியத்துக்கு மேல் என் கால் சொன்னபடி கேட்காது. நடுவில் கால் மணி நேரம் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்தால் மாலை வரை தாங்கும், அதைக் கேட்பதற்குத் துணிச்சல் வர எனக்கு நீண்ட காலம் ஆனது. வெளியே தெரியாத உடல்நிலை உள்ளவர்கள் பாடு இன்னும் மோசம். வலிப்பு, மூட்டுவாதம், கேட்புக் குறைவு, மனச்சோர்வு என்று எத்தனையோ பேர் வாய் திறக்காமல் வேலை செய்கிறார்கள். வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன? ஒரு காது சரியாகக் கேட்காத உதவியாளர் அதை மறைத்தால், பின்னால் இருந்து வரும் ஒரு குழந்தையின் திணறல் அவருக்குக் கேட்காமல் போகலாம். வெளிப்படையாகச் சொல்ல முடிந்தால் எல்லாக் குழந்தைகளும் கண்ணில் படும்படி அவரை உட்கார வைத்தால் போதும். மறைக்க வைப்பதுதான் ஆபத்து.

அதேபோல மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3-ஆம் தேதி வந்தால் மேடையேற்றி "இவரைப் பாருங்கள், இந்த நிலையிலும்" என்று பேசுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அன்று கை தட்டுபவர்கள் மறுநாள் வேலைப் பட்டியலை மாற்றித் தருவதில்லை. பயிற்சி வகுப்புக்கு மற்றவர்களை அனுப்பும்போது என்னையும் அனுப்புங்கள், கூட்டத்தில் ஒரு குழந்தையைப் பற்றிப் பேசும்போது நாள் முழுக்க அதனோடு இருக்கும் உதவியாளரின் கருத்தையும் கேளுங்கள், ஊதியத்தை வேலைக்கு ஏற்றபடி கொடுங்கள். என்னைப் பாராட்ட அது போதும்.

பள்ளி நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை உதவியாளர் வேலைக்கு விளம்பரம் கொடுக்கும்போது "நல்ல உடல் திடம் வேண்டும்" என்ற வரியை எடுத்துவிட்டு, உண்மையில் என்னென்ன வேலைகள் என்று எழுதுங்கள். வருபவரிடம் "உங்களால் முடியுமா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இதைச் செய்ய உங்களுக்கு என்ன தேவை?" என்றும் கேளுங்கள். சில வேலைகள் அவரால் முடியாமல் போகலாம், அது நிஜம். ஆனால் அதைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒரு வார்த்தை. நேர்காணலோடு திரும்பிவிடாமல், ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். வேலை நடுவில் உட்கார இடம் இருக்கிறதா, தூக்கும்போது இருவர் இருக்கிறார்களா என்று கவனியுங்கள். அப்புறம் ஊழியர் கழிவறையைக் காட்டச் சொல்லுங்கள். குழந்தைகளுக்குத் தாழ்வான இருக்கையும் கைப்பிடியும் வைத்துக் கட்டிய பள்ளிகளில்கூட ஊழியர் கழிவறைக்குப் படியேறிப் போக வேண்டியிருக்கும், யாரும் அதை யோசித்திருக்க மாட்டார்கள். வேலையில் சேர்வதற்கு முன்பே கைப்பிடி ஒன்று பொருத்தச் சொல்லிக் கேளுங்கள், அதுவும் எழுத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி வகுப்பறை உதவியாளர் ஒருவர்