மகளுக்கு, கணக்கோடு

சுங்கை சிப்புட், மலேசியா
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை பேச்சு முடிவதற்குள் போனை வைத்துவிட்டாய். திரும்ப இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதியைப் படித்துவிட்டு மீதிக்குக் கோபப்படுவாய் என்று உன் அம்மா சொன்னாள். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். கூரியரில் வரும். கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், ஆகவே கிடைக்கவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

முதலில் கணக்கு. பெருமூளை வாதத்தால் கால் இறுகிப்போன உன் மகன், நம் சின்னவனின் சிகிச்சைக்காக ஊரில் வசூலித்ததில் இன்றைய தேதிக்கு 41,870 வெள்ளி சேர்ந்திருக்கிறது. அதில் 39,200 வங்கியில் இருக்கிறது. நானும் ஓய்வுபெற்ற நம் தலைமையாசிரியரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் அந்தக் கணக்கிலிருந்து எடுக்க முடியும். மீதி 2,670 வெள்ளி அலமாரியில் மைலோ டின்னுக்குள் இருக்கிறது. நாளை காலை வங்கியில் போட்டுவிடுவேன்.

ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசி போடும் அந்த மையத்துக்கு முன்பணமாக 20,000 வெள்ளியை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பச் சொன்னாய். முடியாது என்றேன். "என் பிள்ளைக்காகச் சேர்த்த பணத்தை எனக்கே தர மாட்டீர்களா அப்பா?" என்று கேட்டாய். நியாயமான கேள்விதான். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

555 புத்தகம் உனக்கு நினைவிருக்கும். சட்டைப் பைக்குள் அடங்கிவிடும், அட்டையில் பெரிதாக மூன்று ஐந்து. சீனர் கடையில் நாம் கடனாக வாங்கிய அரிசியும் மத்தி மீன் டின்னும் அதில்தான் ஏறும். சம்பள நாளன்று குறுக்கே கோடு போட்டு அடிப்பார்கள். அதே மாதிரிப் புத்தகத்தில்தான் இந்த வசூலையும் எழுதுகிறேன். இப்போது நடப்பது மூன்றாவது புத்தகம்.

முப்பத்திரண்டு வருடம் ரப்பர் தோட்டத்து ஆபீசில் செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு, எழுதியவன் நான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் யார் நின்றார், யார் நிற்கவில்லை, யாருக்கு முழுநாள், யாருக்கு அரைநாள் என்று குறித்தது இந்தக் கை. கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், என்றால் தோட்டத்தில் ஒருவருக்கும் ஆகாது. அவர்கள் மேல் தப்பில்லை. மேனேஜருக்குப் பயந்து நான் வெட்டிய அரைநாள்களுக்குக் கணக்கே கிடையாது. இன்று அதே ஆட்களின் வாசலில் நோட்டும் பேனாவுமாக நிற்கிறேன். தோட்டத்து லய வீடுகளை விட்டு எல்லாரும் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் என்னைக் கண்டால் சிலர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள். மரியாதையா, பழைய பயமா என்று கேட்கவா முடியும்?

லாசா சாலைப் பக்கம் ஒரு பாட்டி இருக்கிறாள். நம் தோட்டத்தில் பால் வெட்டியவள், உனக்கு முகம் தெரியும். 1991இல் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அரைமணி தாமதமாக வந்தவளுக்கு நான் அரைநாள் போட்டேனாம். எனக்கு மறந்தே போயிற்று. அவளுக்கு மறக்கவில்லை. போன மாதம் அவள் வீட்டுக்குப் போனபோது விஷயத்தை முழுவதும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். பிஸ்கட் டின் திறக்கும் சத்தம் கேட்டது. நான்காக மடித்த ஐம்பது வெள்ளி நோட்டைக் கொண்டுவந்து, மடிப்பைத் தொடையில் வைத்து நீவி நீவி நேராக்கினாள். கையில் கொடுத்துவிட்டு, "இதையாவது முழுநாளாக எழுதுங்கள் கிராணியாரே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். 50.00 என்று எழுதி நோட்டை அவள் பக்கம் திருப்பினேன். ஒரு கண்ணில் புரை. மற்றக் கண்ணுக்கு அருகே பிடித்து, புள்ளியையும் இரண்டு சுழியத்தையும் விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் விட்டாள்.

அந்த ஐம்பது வெள்ளியும் நீ அனுப்பச் சொன்ன இருபதாயிரத்துக்குள் இருக்கிறது.

எல்லாரும் பாட்டி மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிரமுகர் மண்டபத்தில் கதவு அகலத்துக்கு அட்டைக் காசோலை பிடித்து, பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டார். 5,000 வெள்ளி. வங்கியில் போடுகிற காசோலை இன்னும் வந்து சேரவில்லை. அவர் பெயரைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். மேலே சொன்ன மொத்தத்தில் அது சேராது.

வீடு வீடாக வசூலிப்பதற்கு 1947லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் படி ஏறக் கூடாது என்று நான் போலீஸ் நிலையத்துக்கு மனுவோடு அலைந்தபோது நீ சிரித்தாய். உன் அம்மாவும் சிரித்தாள். அவள் எட்டுப் பெண்களோடு கூட்டு, அதாவது சீட்டு, பிடித்து, முதல் கையை எடுத்துத்தான் சின்னவனுக்கு அந்த வாக்கரை வாங்கினாள். கூட்டுக்கு 1971லேயே தடைச்சட்டம் வந்துவிட்டது என்றால், "சட்டம் போட்டவர் வீட்டில் பெண்களே இல்லையா?" என்று கேட்கிறாள். இந்த வீட்டில் சட்டம் என் பக்கம் மட்டும்தான்.

அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நம் ஊர்க்காரர் என்று பள்ளியில் படித்திருப்பாய். துண்டாடலில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக் கைமாறி, ஆட்கள் பெட்டியோடு தெருவுக்கு வந்த காலம் அது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். உன் பாட்டியும் பத்து வெள்ளி கட்டியவள். எழுதப் படிக்கத் தெரியாது. ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். "நம் பத்து வெள்ளி இப்போது எங்கே இருக்கிறது?" என்று மாதம் ஒரு தடவையாவது உன் தாத்தாவைக் கேட்பாள். அவரும் அலுத்துக்கொள்ளாமல் பதில் சொல்வார். என்னை அப்படிக் கேட்க இந்த மூன்று நோட்டுகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தை மகன் மருந்தாளர் அல்லவா, அவனை உட்கார வைத்து ஒரு மாலை முழுவதும் கேட்டேன். பெருமூளை வாதத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை எதையும் அமெரிக்காவின் மருந்து ஆணையம் இதுவரை அங்கீகரிக்கவில்லை என்றான். ஆராய்ச்சி நடக்கவே இல்லையா என்று கேட்டேன். நடக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தில் 63 பிள்ளைகளை வைத்துச் செய்து, 2017இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். அவரவர் தொப்புள்கொடி இரத்தத்தையே திரும்ப ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அது ஏறிய பிள்ளைகளுக்கும் வெறும் மருந்தில்லாத திரவம் ஏறிய பிள்ளைகளுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. அதிக அளவு செல் கிடைத்தவர்களிடம் மட்டும் ஏதோ முன்னேற்றம் தெரிந்ததாம். ஆக, கதவு மூடவில்லை. ஆனால் உன்னிடம் பேசிய ஆள் நான்கு ஊசியில் பையன் நடப்பான் என்று நாள் குறித்துச் சொல்கிறார். யார் செல், எங்கே எடுத்தது என்று மாப்பிள்ளை கேட்டதற்கு "எங்கள் ரகசிய முறை" என்று பதில் வந்ததாமே. வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் பத்து விழுக்காடு கழிவு வேறு. மருத்துவத்தில் கழிவு எதற்கு?

நான் மட்டும் பெரிய விவரக்காரன் என்று நினைத்துக்கொள்ளாதே. சின்னவனுக்கு ஒன்றரை வயதில், எண்ணெய் போட்டு உருவினால் கால் நேராகிவிடும் என்று ஒருவரை நம்பி 1,800 வெள்ளி கொடுத்தேன். மூன்று மாதம் பிசியோதெரபிக்கு விடாமல் உன்னைத் தடுத்தேன். அந்த மூன்று மாதத்தை நீ இதுவரை ஒரு தடவை கூடச் சொல்லிக் காட்டியதில்லை. நான் மறக்கவில்லை. 555இன் கடைசிப் பக்கத்தில் என் பெயருக்கு நேரே எழுதியும் வைத்திருக்கிறேன்.

இன்னொரு வழி இருக்கிறது, அதைப் பற்றி நீயே போன வருடம் சொன்னாய். கீழ் முதுகில் அறுவை செய்து, கால்களிலிருந்து தண்டுவடத்துக்கு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு இழைகளை ஒவ்வொன்றாக மின்சாரத்தால் சோதித்து, தசையை இறுக வைக்கிற இழைகளை மட்டும் வெட்டுவது. எஸ்.டி.ஆர். என்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் குழந்தைகள் மருத்துவமனையில் டி.எஸ். பார்க் என்ற மருத்துவர் பல வருடம் இதைச் செய்துவந்தார். இங்கிலாந்துப் பெற்றோர்கள் நம்மைப் போலவே ஊர் ஊராக வசூலித்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருக்கிறார்கள். பிறகு 2018இல் இங்கிலாந்து அரசே செலவை ஏற்றுக்கொண்டது. அதுவும் எல்லாருக்கும் இல்லை. மூன்று முதல் ஒன்பது வயதுக்குள், பிள்ளையின் நடமாட்டத்தை அளக்கும் ஐந்து படி உள்ள அளவுகோலில் இரண்டாவது, மூன்றாவது படியில் இருக்கிற பிள்ளைகளுக்குத்தான். நம் பையனுக்கு ஐந்து வயது. வாக்கரோடு நடப்பதால் மூன்றாவது படி என்று தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்ததை நீயே அனுப்பினாய்.

இது செய்தால் ஓடுவான் என்று நான் சொல்லவில்லை. 29 வாரத்தில் பிறந்தவன், மூளையில் பட்ட அடி பட்டதுதான். வெட்டிய நரம்பு திரும்ப ஒட்டாது. இறுக்கம் போன பிறகு கால் முதலில் துவண்டு போகுமாம், ஏனென்றால் அந்த இறுக்கத்தில் ஊன்றித்தான் பிள்ளை இத்தனை நாள் நின்றிருக்கிறான். அதன் பிறகு மாதக்கணக்கில் தினமும் பயிற்சி. செலவோ, நம் கையில் இருப்பதைப் போல் பல மடங்கு. எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். பொருந்தும், பொருந்தாது என்று பார்த்துச் சொல்லும் இடத்துக்குப் பணம் போகட்டும். எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லும் இடத்துக்கு வேண்டாம். பொருந்தாது என்று அவர்கள் சொல்லிவிட்டால், நோட்டைப் பார்த்து வீடு வீடாகப் போய்க் கேட்கிறேன்: திருப்பித் தரவா, தெரபிக்கு வைத்துக்கொள்ளவா என்று. அந்தப் பாட்டியிடம் முதலில் போவேன்.

முகநூலில் போட்ட அந்தப் படத்தை எடுத்துவிடு. தரையில் தவழ்ந்து வாயில் எச்சில் வழிய அழுகிறானே, அது. அதைப் பார்த்துத்தான் பணம் வருகிறது என்பாய். வரலாம். போன விடுமுறையில் இங்கே இருந்தபோது, நான் நோட்டில் கூட்டிக்கொண்டிருந்தேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான். "தாத்தா, என் காலுக்கு எவ்வளவு வெள்ளி?" என்று கேட்டான். நான் பதில் சொல்லாமல் ரேடியோவைத் திருகினேன். வாக்கரோடு நிமிர்ந்து நிற்கிற படம் உன்னிடம் நிறைய இருக்கிறது. அதில் ஒன்றைப் போடு. அதற்கு வருகிற பணம் போதும்.

அடுத்த சனிக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஜொகூரிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறினால் விடியற்காலை ஈப்போவில் இறங்கலாம், நான் காரோடு நிற்கிறேன். இடுப்பு எக்ஸ்ரே, மூளை ஸ்கேன் எடுத்த சிடி, தெரபிஸ்ட் குறிப்பு, ஓ.கே.யு. என்கிற மாற்றுத்திறனாளி அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள். அந்த மருத்துவமனைக்குப் பையன் நடக்கிற வீடியோவும் அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தாய் அல்லவா? நம் வீட்டு முன்னறையில் எடுத்துவிடலாம், இடம் இருக்கிறது. அரைக்கால் சட்டை போட்டுவிடு, முழங்கால் தெரிய வேண்டுமாம். கூடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் அவன் உயரத்துக்குத் தண்ணீர்க் குழாயில் ஒரு கைப்பிடி அடித்திருக்கிறேன். முதலில் அளவு தப்பிப்போய் இரண்டு அங்குலம் உயரமாகிவிட்டது. கழற்றித் திரும்ப அடித்தேன்.

கோபம் இருந்தால் இங்கே வந்து கோபப்படு. அம்மா உனக்காக இஞ்சித் துவையல் அரைத்து வைக்கப்போகிறாள்.

ஒரு விஷயம் விட்டுப் போயிற்று. மைலோ டின்னில் 2,670 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 2,682 இருக்கிறது. போன வாரமும் எட்டு வெள்ளி கூடுதலாக வந்தது. உன் அம்மாவைக் கேட்டால், எனக்கு எண்ணத் தெரியவில்லை என்கிறாள். முப்பத்திரண்டு வருடம் கணக்கு எழுதியவனைப் பார்த்து. அந்தப் பன்னிரண்டு வெள்ளியை யார் பெயரில் எழுதுவது என்று தெரியாமல், தேதியை மட்டும் போட்டுவிட்டு வரியைக் காலியாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா