ஜீப்பில் போகிறவர் எந்தத் தோட்டத்து ஆள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் ஏலக்காய்க் கடையில் மூன்று பேர் மாற்றி மாற்றிப் படித்தோம். சங்கம் சேரும் உரிமைக்கான 87-ஆம் உடன்படிக்கையையும் சங்கமாகச் சேர்ந்து முதலாளியிடம் கூலி பேசும் கூட்டுப் பேரத்துக்கான 98-ஐயும் இந்தியா இன்னும் ஏற்கவில்லை என்ற ஆதங்கம் நியாயமானது. அரசு ஊழியர் நடத்தை விதிகளோடு முட்டும் என்பது டெல்லி சொல்லும் காரணமாம். அதற்கும் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்ணுக்கும் என்ன சம்பந்தமோ! விவசாயக் கூலிகளும் மற்றவர்களைப் போலச் சங்கம் வைக்கலாம் என்ற 11-ஆம் உடன்படிக்கையை 1923-லேயே ஏற்ற நாடு இது.

ஆனால் தோட்டத் தொழிலாளி என்றாலே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், குடியிருப்பவர் என்று கட்டுரையாளர் நினைத்துவிட்டார். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு, 20 சதவீத போனஸுக்காக ஒன்பது நாள் ரோட்டில் உட்கார்ந்து ஜெயித்ததை எழுதியிருக்கிறார். அவர்கள் ஒரே கம்பெனி, ஒரே லயம், பெயர் கம்பெனியின் ஆள்பதிவேடான செக்ரோலில் இருக்கிறது. எங்கள் கதை அப்படியில்லை. போடி, தேவாரம், கம்பம், கூடலூர்ப் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் தூக்குவாளியோடு ஜீப்பு ஏறி, மெட்டு என்கிற மலைக்கணவாய் தாண்டிக் கேரளத்து இடுக்கி மாவட்டத்துக்குப் போய், காய் எடுத்து, பொழுது சாய வீடு திரும்புகிறவர்கள். இன்று சாந்தன்பாறைப் பக்கம் என்றால் நாளை வேறு தோட்டம். யார் முதலாளி என்பதே பல நாள் தெரியாது.

நானும் பதினோரு வருஷம் அப்படிப் போனவள்தான். போடிமெட்டுப் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் பதினெட்டுப் பேர் ஏறினால், ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தி மடியில் இன்னொருத்தி. ஒரு மழை நாளில் எங்கள் ஜீப்பு ஓடையோரம் சரிந்தது. என் நாத்தனாருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. தோட்டத்தில் போய்க் கேட்டால், "அது எங்க ஆளில்ல, கங்காணி கூட்டிட்டு வந்த ஆளு" என்றார்கள். ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணியோ டிரைவரைக் கை காட்டினார். சொந்த உபயோக வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றியிருக்கிறார்கள் என்று இன்சூரன்ஸும் கைவிரித்தது. ஒரு வருஷம் அவளால் தலை பின்ன முடியவில்லை. மகள்தான் பின்னிவிட்டாள்.

கங்காணியின் நோட்டை அப்போது வாங்கிப் பார்த்தேன். அன்றைய தேதிக்கு நேரே 'மேட்டுத்தெரு 7, குளத்துக்கரை 6, காலனி 5' என்று எழுதியிருந்தது. பேர் ஒன்றுகூட இல்லை. இப்போது நான் கணக்கெழுதும் கடையில் ஒவ்வொரு ஏலக்காய் லாட்டுக்கும் நம்பர் உண்டு, எடை உண்டு, கொண்டுவந்தவர் பேர் உண்டு.

வழிப்பயண விபத்தைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. 1964-ஆம் ஆண்டின் 121-ஆம் உடன்படிக்கை, வேலைக்குப் போகவர நேரும் விபத்தை எப்போது வேலை விபத்தாகக் கொள்வது என்று ஒவ்வொரு நாடும் வரையறுக்கச் சொல்கிறது. அதை இந்தியா ஏற்கவில்லை. என்றாலும் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நேரும் விபத்து, நேரமும் இடமும் சூழலும் வேலையோடு பொருந்தினால், வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும். நல்ல விஷயம். ஆனால் எந்தத் தோட்டத்து வேலை என்று எதைக் காட்டி நிரூபிப்பது? 'குளத்துக்கரை 6' என்ற வரியைக் காட்டியா?

பழைய தோட்டத் தொழிலாளர் சட்டமும் 1951-இலிருந்து இருந்ததுதான். அதில் ஏலக்காயும் சேர்க்கப்பட்டது. ஆனால் 5 ஹெக்டேரும் 15 ஆளும் இருந்தால்தான் தோட்டமே. ஏலத்தோட்டங்களில் பாதிக்கு மேல் சின்னச் சின்னத் துண்டு என்பது மலை ஏறியவர்களுக்குத் தெரியும்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. காலையில் ஜீப்பு கிளம்பும்போதே ஏறியவர் பேர், ஊர், போகும் தோட்டம் மூன்றையும் எழுதி ஒரு சீட்டு அவர் கையில், ஒரு படி மெட்டுச் செக்போஸ்ட்டில். ஆளெண்ணிக்கையைப் பார்க்க அங்கே இரண்டு மாநிலப் போலீசும் நிற்கிறார்கள். தேனியிலும் இடுக்கியிலும் உள்ள தொழிலாளர் துறை அதிகாரிகள் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற காரியம்.

இன்னொன்று. கேரளத்தில் அடிபட்டாலும், குடியிருக்கும் ஊருக்குரிய ஆணையரிடமே இழப்பீட்டு மனுப் போடலாம் என்று பழைய இழப்பீட்டுச் சட்டத்திலேயே இடமிருந்தது. இது தெரியாமல்தான் என் நாத்தனார் இரண்டு முறை மலையேறி வெறுங்கையோடு வந்தாள். இதையாவது உங்கள் இதழில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

உங்கள் நிருபர் வருவதானால், விடிகாலை நாலரைக்கெல்லாம் வந்துவிடச் சொல்லுங்கள். ஐந்து மணிக்கு ஜீப்பு போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
போடிநாயக்கனூர்.