தஹ்ரீர் சதுக்கத்து ஆட்டோக்காரர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இராக் பற்றிய கட்டுரை படித்தேன். அமெரிக்காவின் கணக்கு என்ன, ஈரானின் கணக்கு என்ன என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்கள். 2019 அக்டோபரில் தெருவுக்கு வந்த இராக் மக்களுக்குக் கிடைத்தது ஒரே வரி. அதிலும் 'ஈரான் எதிர்ப்புப் போராட்டம்' என்று போட்டுவிட்டீர்கள். மனசு ஆறவில்லை.

பாக்தாத் தஹ்ரீர் சதுக்கத்தில் அந்தப் பிள்ளைகள் கேட்டது, 'எங்களுக்கு ஒரு நாடு வேண்டும்' என்று. எண்ணெய் கொழிக்கும் மண்ணில், ஐம்பது டிகிரி வெயிலில் கரண்ட் இல்லை. படித்தவனுக்கு வேலை இல்லை. பஸ்ராவில் 2018-இல் கெட்டுப்போன தண்ணீரால் லட்சம் பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2003-க்குப் பிறகு வந்த கட்சிகளோ ஷியா, சன்னி, குர்து என்று மந்திரி பதவிகளைப் பங்கு போட்டுக்கொண்டன. ஷியாக்கள் கையிலிருந்த ஆட்சியை எதிர்த்து ஷியா ஊர்களே கொதித்தெழுந்தன என்பதை நீங்கள் சொல்லவே இல்லை.

என் அப்பா முப்பது வருஷம் ஆட்டோ ஓட்டியவர். அதனாலோ என்னவோ, அப்போது பார்த்த ஒரு வீடியோ இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அங்கேயும் நம் ஊர் ஆட்டோதான், 'டுக்டுக்' என்கிறார்கள். புகைக்குள்ளிருந்து ஹார்ன் அடித்தபடி ஒன்று வருகிறது. பின்சீட்டில் தலையில் அடிபட்ட பையனை இருவர் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். ஓட்டுகிறவனுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை. ஆம்புலன்ஸ் நுழைய முடியாத இடத்தில் காசு வாங்காமல் ஓட்டினார்கள் அந்த ஏழைப் பிள்ளைகள். ராணுவ ரகக் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைத் தலைக்குக் குறிவைத்துச் சுட்டதில் மண்டையோடு பிளந்து செத்தவர்கள் உண்டு. சில மாதங்களில் சுமார் 600 உயிர்கள் போயின.

டெஹ்ரான் இதை அமெரிக்கச் சதி என்றது. இராக்கின் நஜஃப் நகரில் ஈரானின் துணைத் தூதரகம் எரிந்தபோது, ஈரானைப் பிடிக்காதவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். 2020 ஜனவரி 3-இல் அமெரிக்கா ஈரானின் தளபதி சுலைமானியை பாக்தாத்தில் கொன்றதும் உலகத்துக் கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 'இரண்டு பேரும் வேண்டாம்' என்று சதுக்கத்தில் அப்போதும் நின்று கத்தியவர்களைக் கேட்க யாருமில்லை.

அடுத்த முறை இராக் பற்றி எழுதும்போது, நிபுணர்களின் அலசலுக்கு முன்னால், தெற்கு இராக்கின் நசிரியாவில் அந்தப் போராட்டத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் பேட்டியைப் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்.