சராசரியை விடுங்கள், மொத்தத்தை எண்ணுங்கள்: நார்வே மீன்வள அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

நார்வேயின் வர்த்தக, தொழில், மீன்வள அமைச்சகத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடலோரத்தில் சால்மன் வளர்க்கும் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறீர்கள்: ஒரு மீனுக்குச் சராசரியாக 0.5 முதிர்ந்த பெண் கடல் பேனுக்கு (மீனின் தோலில் ஒட்டி அதைத் தின்னும் சிறு ஒட்டுண்ணி) மேல் போகக் கூடாது. ஆற்றில் பிறந்த சால்மன் குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் வசந்த கால வாரங்களில் அது 0.2. கேட்பதற்குக் கறாரான விதிதான். ஆனால் ஒரு வலைக்கூண்டில் 2 லட்சம் மீன் வரை வைக்கலாம் என்பதும் உங்கள் விதிதானே. ஐந்து கூண்டு நிரம்பிய ஒரு பண்ணையில் 10 லட்சம் மீன். அப்படியானால் வசந்த கால வரம்பைத் துளியும் மீறாமல் ஒழுங்காக நடக்கும் பண்ணையிலேயே 2 லட்சம் பெண் பேன் இருக்கலாம், ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான முட்டைகளைச் சரமாகச் சுமந்தபடி. முட்டையிலிருந்து வரும் இளம் பேன்களை வலை தடுக்காது, நீரோட்டம் அவற்றைப் பல கிலோமீட்டர் கொண்டுபோய்ச் சேர்க்கும். பக்கத்தில் இதே அளவில் இன்னொரு பண்ணைக்கு உரிமம் கொடுத்துப் பாருங்கள்: சராசரி அப்படியே இருக்கும், கடலில் மிதக்கும் பேன் இரண்டு மடங்காகும். வீட்டுக்கு ஒரு சாக்கடைக் குழாய்தான் என்று கணக்கு வைத்துக்கொண்டு, ஆற்றங்கரையில் எத்தனை வீடு என்பதை எண்ணாமல் விடுவது போன்றது இது.

உலகில் வளரும் அட்லாண்டிக் சால்மனில் ஏறக்குறைய பாதி உங்கள் உரிமங்களின் கீழ் வளர்கிறது. நீங்கள் எழுதும் விதியைப் பார்த்துத்தான் மற்ற நாடுகளும் எழுதுகின்றன, அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

கடல் பேன் புதிதாக வந்த உயிர் இல்லை. சால்மன் இருந்த காலமெல்லாம் அதுவும் இருந்தது. ஆனால் குளிர்காலத்தில் சால்மன் தொலைவில், திறந்த கடலில் இருக்கும். கரையோரத்தில் ஒட்டிக்கொள்ள ஆள் குறைவு, எனவே பேனும் குறையும். வசந்தத்தில் குஞ்சுகள் ஆற்றிலிருந்து இறங்கி வரும்போது ஃபியோர்டுகள், அதாவது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் ஒடுங்கிய கடல் பகுதிகள், பெரும்பாலும் சுத்தமாக இருந்தன. அந்த இடைவெளிதான் குஞ்சுகளைக் காப்பாற்றியது. பண்ணைகள் அதை இல்லாமல் செய்துவிட்டன. இன்று உங்கள் கடலோரக் கூண்டுகளில் எந்த நேரத்திலும் சுமார் 40 கோடி சால்மன் இருக்கின்றன, பன்னிரண்டு மாதமும், ஒரே இடத்தில். ஆறுகளுக்குத் திரும்பி வரும் இயற்கைச் சால்மனோ 5 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. 1980களில் அது 10 லட்சத்துக்கு மேல் இருந்தது. ஆற்றிலிருந்து இறங்கும் குஞ்சின் எடை சுமார் 20 கிராம். அதன் மேல் பத்துப் பேன் ஒட்டினால் அது பிழைப்பது மிகக் கடினம். தோலைத் தின்று புண்ணாக்கிவிடும், உடலின் உப்புச் சமநிலை கெடும், புண் வழியாக நோய் நுழையும். சால்மனின் உறவு மீனான கடல் டிரவுட்டின் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் சால்மன் குஞ்சு போல அது ஃபியோர்டைக் கடந்து வெளியே போய்விடாது, கோடை முழுவதும் கரையோரத்திலேயே, பண்ணைகளுக்கு நடுவிலேயே மேயும்.

இதையெல்லாம் நீங்கள் அறியாதவர்கள் இல்லை. 2017-ல் கடலோரத்தை 13 மண்டலங்களாகப் பிரித்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுத்தது நீங்கள்தான். அந்த நிறங்களுக்குப் பின்னால் உள்ள எண்களைப் பொதுமக்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? பேனால் சாகும் இயற்கைச் சால்மன் குஞ்சுகள் 10 விழுக்காட்டுக்குள் என்று கணித்தால் பச்சை, அங்கே பண்ணைகள் 6 விழுக்காடு வளரலாம். 10 முதல் 30 வரை மஞ்சள், இருப்பது அப்படியே தொடரலாம். 30-ஐத் தாண்டினால்தான் சிவப்பு, அப்போதும் குறைப்பது 6 விழுக்காடு. அதாவது நான்கில் ஒரு குஞ்சு சாகும் ஃபியோர்டில் யாரும் ஒரு கூண்டைக்கூட எடுக்க வேண்டியதில்லை. 2021-ல், அழியும் ஆபத்தில் உள்ள இனங்களுக்கான உங்கள் நாட்டுச் சிவப்புப் பட்டியலில் இயற்கைச் சால்மன் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகச் சேர்ந்தது. 2024 ஜூனில் மீன் திரும்பி வராததால் 33 ஆறுகளில் சால்மன் பிடிப்பதையே உங்கள் நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை நிறுத்தியது. தூண்டில்காரரிடம் நிறுத்து என்று சொல்ல ஒரே மாதம் போதுமானதாக இருந்தது. பண்ணைகளிடம் அதே வேகத்தில் உங்களால் ஏன் சொல்ல முடியவில்லை?

கடல் சூடாகிறது, அங்கே உணவு குறைகிறது, எல்லாப் பழியையும் பண்ணை மேல் போடக் கூடாது என்பீர்கள். சரி, கடல் மாறுவது உண்மைதான். ஆனால் உங்கள் அரசுக்கே ஆலோசனை சொல்லும் சால்மன் அறிவியல் குழு, பண்ணைப் பேனையும் தப்பிய வளர்ப்பு மீனையும் பெரிய அச்சுறுத்தல்களின் வரிசையில் ஆண்டாண்டாக வைத்து வருகிறதே. கடலின் வெப்பத்தை உங்கள் அமைச்சகம் தனியாகக் குறைக்க முடியாது, கூண்டுகளின் எண்ணிக்கை உங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

பேனை ஒழிக்கப் பண்ணைகள் செய்வதும் கடலின் தலையில்தான் விடிகிறது. தீவனத்தில் கலக்கும் சில மருந்துகள் பேன் தோலுரிப்பதைத் தடுக்கும். இறாலும் நண்டும் பேனைப் போலவே ஓட்டை உரித்து வளரும் உயிர்கள், கூண்டுக்குக் கீழே விழுந்த தீவனத்தைத் தின்றால் அவையும் அகப்பட்டுக்கொள்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடில் மீனைக் குளிப்பாட்டிவிட்டு அந்த நீரையும் கடலிலேயே விடுகிறார்கள். மருந்துக்குப் பேன் பழகிவிட்ட பிறகு வெந்நீர் வந்தது: குளிர்நீரில் வாழும் மீனைச் சுமார் அரை நிமிடம் 28 முதல் 34 டிகிரி நீருக்குள் தள்ளுவது. மீன் துடித்துச் சுவரில் மோதுவதை இதைப் பார்த்த ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பேனைக் கொத்தித் தின்னட்டும் என்று லம்ப்ஃபிஷையும் ராஸ் மீனையும் கோடிக்கணக்கில் கூண்டில் விட்டார்கள், அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே செத்தன. வளர்ப்பு சால்மனும் நலமாக இல்லை. உங்கள் கால்நடை மருத்துவ நிறுவனத்தின் அறிக்கைப்படி 2023-ல் கடல் கூண்டுகளில் செத்தவை 6.28 கோடி, 16.7 விழுக்காடு. 2024-ல் 5.78 கோடி. மருந்து, வெந்நீர், தூரிகை என்று மாறி மாறித் தேய்த்துத்தான் 0.5 என்ற சராசரிக்குள் நிற்கிறார்கள் என்றால், அத்தனை மீன் அந்தக் கடலுக்குத் தாங்காது என்றுதானே பொருள்?

வலை தடுக்காதது பேனை மட்டுமா? மீன் கழிவும் தின்னாத தீவனமும் அடியில் படிகின்றன. வலையில் பாசி பிடிக்காமல் பூசும் செம்பு கரைந்து இறங்குகிறது. புயலில் வலை கிழிந்தால் மீனே வெளியே போகிறது, 2025 பிப்ரவரியில் வடக்கு நார்வேயின் துரோம்ஸ் கரையோரத்தில் 27,000 மீன் அப்படிப் போய், பிடித்துத் தருபவருக்கு மீனுக்கு 500 குரோனர் என்று அறிவிக்கும் நிலை வந்தது. தப்பிய மீன் ஆற்றில் ஏறி இயற்கை மீனோடு சேர்ந்தால், வேகமாகக் கொழுப்பதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த மரபு அடுத்த தலைமுறைக்குள் புகுந்துவிடும், அதைத் திரும்ப எடுக்க எந்த வலையும் இல்லை. தீவனத்துக்காக மேற்கு ஆப்பிரிக்கக் கடலிலிருந்து போகும் மீன் எண்ணெய் தனியாக ஒரு மடல் எழுத வேண்டிய விஷயம், அதை இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன்.

திறந்த வலைக்குப் பதிலாக மூடிய தொட்டிகளில் வளர்த்தால் செலவு பிடிக்கும், மின்சாரம் தின்னும் என்று தொழிலதிபர்கள் சொல்வது பொய்யில்லை. கடலோர ஊர்களின் வேலைவாய்ப்பும் லேசான விஷயம் இல்லை. ஆனால் கரைக்குக் கொண்டுவருவது ஒன்றே வழி என்று நான் சொல்லவில்லை. இளம் பேன் மேல்மட்ட நீரில்தான் அதிகம். கடலிலேயே மிதக்கும் மூடிய தொட்டிக்கு ஆழத்து நீரை இறைத்துவிட்டால் பேன் பெருமளவு உள்ளே வராது, அடியில் சேரும் கழிவையும் அள்ளலாம். 2015 முதல் புதிய தொழில்நுட்பத்துக்கென்றே தனி உரிமங்கள் கொடுத்தவர்கள் நீங்கள், மூடிய தொட்டிகள் உங்கள் ஃபியோர்டுகளில் ஏற்கெனவே மிதக்கின்றன. திறந்த வலையில் வளர்ப்பது மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம், அதன் கழிவுக்கும் பேனுக்கும் யாரும் விலை கொடுக்காததுதான். அந்த விலையை வசூலித்துப் பாருங்கள், இரண்டுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும்.

மற்றவர்கள் தேதி குறித்துவிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் திறந்த வலைக் கூண்டுகள் 2029 ஜூன் 30-க்குப் பிறகு கூடாது என்று கனடா 2024-ல் அறிவித்தது. அர்ஜென்டினாவின் தியேரா டெல் ஃபுயேகோ மாகாணம் 2021-ல், தொழில் வேரூன்றும் முன்பே சட்டம் போட்டுத் தடுத்தது.

நீங்களும் 2025 ஏப்ரலில் வைத்த வெள்ளை அறிக்கையில், பேன் வெளியேற்றத்தையே அளந்து அதற்கு ஒதுக்கீடு வைக்கலாம் என்று எழுதினீர்கள். அதைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். மீனுக்கு இத்தனை என்ற கணக்கைத் தாண்டி, கடலுக்கு இத்தனை என்று யோசித்ததற்கு நன்றி. ஆனால் அந்த ஒதுக்கீட்டின் உச்சவரம்பை இன்றைய அளவிலேயே வைத்துவிட்டு, பண்ணைகள் அதைத் தங்களுக்குள் வாங்கி விற்றுக்கொள்ள விட்டால் குஞ்சுக்கு எந்தப் பயனும் இல்லை. வரம்பு ஒவ்வொரு ஃபியோர்டுக்கும் தனித்தனியாக வேண்டும், அந்த ஃபியோர்டில் இறங்கும் குஞ்சுகளும் அங்கேயே தங்கும் டிரவுட்டும் எவ்வளவு தாங்கும் என்பதிலிருந்து அது தொடங்க வேண்டும். அதுவரை வாராவாரம் பண்ணைகள் கொடுக்கும் சராசரியோடு, அந்தப் பண்ணையில் உள்ள மீன் எண்ணிக்கையைப் பெருக்கி வரும் மொத்தத்தையும் சேர்த்தே வெளியிடுங்கள். மஞ்சள் மண்டலங்களில் புதிய திறந்த வலை உரிமம் ஒன்றும் வேண்டாம். சிவப்பு மண்டலங்களில் அடுத்த வசந்தத்துக்கு முன், குஞ்சுகள் இறங்கும் வழியில் உள்ள கூண்டுகளைக் காலி செய்யுங்கள். திறந்த வலைக்கு ஒரு கடைசித் தேதி சொல்லுங்கள், ஆண்டும் மாதமும் போட்டு.

இப்படிக்கு,
கடலுயிர்கள் மேல் அக்கறை உள்ள ஒருவர்