காரணம் தெரியாத காய்ச்சலா, முதலில் சிறுநீரைப் பாருங்கள்

இடுக்கி மாவட்ட மருத்துவ அலுவலருக்கும், தேவிகுளம், பீருமேடு வட்டங்களின் குடும்ப சுகாதார மைய மருத்துவர்களுக்கும்,

வணக்கம். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். தேயிலைத் தோட்டப் பகுதியில் ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் நான்.

கேட்பது இதுதான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை காய்ச்சலோடு வருகிறது. சளி இல்லை, இருமல் இல்லை, பேதியும் இல்லை. அப்படியென்றால் ஆன்டிபயாடிக் எழுதும் முன் அதன் சிறுநீரைப் பார்க்க வேண்டும்.

இந்தக் காய்ச்சலை லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) "பல்லு முளைக்குது", "சூடு பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். கொழுந்து எடுக்கப் போகும் அம்மாவுக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போச்சு. கைக்குழந்தைக்கு நீர்க்கடுப்பு என்று சொல்லத் தெரியாது. அழும், பால் குடிக்காது, அவ்வளவுதான். காரணம் புலப்படாத காய்ச்சலோடு வரும் கைக்குழந்தைகளில் 100க்கு சுமார் 7 பேருக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கிறது. மருந்து தொடங்க இரண்டு மூன்று நாள் தாமதமானால் சிறுநீரகத்தில் நிரந்தரத் தழும்பு விழும் வாய்ப்பு கூடுகிறது. அந்தத் தழும்பு பின்னாளில் ரத்த அழுத்தமாக வந்து நிற்கலாம்.

பார்ப்பதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கிருமியோடு போராட வரும் வெள்ளை அணுக்கள் லூகோசைட் எஸ்டெரேஸ் என்ற நொதியை வெளியிடுகின்றன. சிறுநீரில் அது இருந்தால், அதில் நனைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டையான ஸ்ட்ரிப்பில் உள்ள கட்டம் இரண்டே நிமிடத்தில் ஊதா நிறமாகும். பக்கத்துக் கட்டம், கிருமிகள் சிறுநீரில் உண்டாக்கும் நைட்ரைட்டைக் காட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நொதிக் கட்டம் மட்டும் தொற்றுள்ள 100 குழந்தைகளில் 83 பேரைக் காட்டிக்கொடுக்கும். இரண்டில் எது நிறம் மாறினாலும் கணக்கில் எடுத்தால் 93 பேர்.

நைட்ரைட் கட்டம் மாறவில்லை என்பதை மட்டும் வைத்துக் குழந்தையைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கிருமி நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற, சிறுநீர் உடலுக்குள் சிறுநீர்ப்பையில் சில மணி நேரமாவது தங்க வேண்டும். கைக்குழந்தை அடிக்கடி போய்விடும், தங்குவதே இல்லை. என்டெரோகாக்கஸ் போன்ற கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதும் கிடையாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் ஸ்ட்ரிப்போடு நிற்காமல் நேராகக் கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பெரிய ஆஸ்பத்திரிக்கும் அனுப்ப வேண்டும்.

அப்புறம், மாதிரி எடுக்கும் விதம். குழந்தையின் தோலில் ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் தோலின் கிருமியும் கலந்துவிடும். அதைக் கல்ச்சருக்கு அனுப்பினால் இல்லாத தொற்றையும் இருப்பதாகக் காட்டும். சுத்தமாகக் கழுவி, நடுவில் வரும் சிறுநீரைப் பிடிப்பதே நல்லது. அடிவயிற்றில் குளிர்ந்த ஈரத் துணியால் மெதுவாகத் தேய்த்தால் குழந்தை சீக்கிரம் போகும் என்று 2017-இல் மெல்பர்னில் நடந்த ஆய்வு காட்டியது. ஐந்து நிமிடத்துக்குள் போனவர்கள், தேய்க்காதபோது 100க்கு 12 பேர், தேய்த்தபோது 31 பேர். செலவே இல்லாத வேலை. இதைத் தமிழில் அச்சிட்டு அங்கன்வாடிகளிலும் தோட்டக் காப்பகங்களிலும் ஒட்டினால் அம்மாக்களே கற்றுக்கொள்வார்கள்.

இன்னொன்று எங்கள் ஊருக்கே உரியது. மழைக்காலத்து ஈரக்காற்றில் டப்பாவைத் திறந்து வைத்தால் ஸ்ட்ரிப் கெட்டு, தப்பாகக் காட்டும். ஒன்றை எடுத்தவுடன் மூட வேண்டும், திறந்த தேதியை மேலே எழுத வேண்டும். துணை மையங்களுக்குச் சிறிய டப்பாக்களாக அனுப்பினால் வீணாகாது.

மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுக்க 2024-இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் அம்ரித்' தொடங்கியது. மனதார வரவேற்கிறேன். அதே அக்கறை சீட்டு எழுதும் மேசைக்கும் வர வேண்டும். முதல் டோஸ் உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஸ்ட்ரிப்பில் நிறம் மாறினால் அந்தச் சிறுநீர் அன்றே கல்ச்சருக்குப் போக வேண்டும். ஆய்வகம் தூரம் என்றால் போய்ச் சேரும் வரை குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். மலையிலிருந்து அதைத் தினமும் இறக்கிக் கொண்டுபோக ஒரு வண்டியை ஏற்பாடு செய்து தாருங்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் இது நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டப் பகுதி ஆய்வக ஊழியர் ஒருவர்